மூன்றாம் நாள்

கொப்பி என்னிடம்தான் இருக்கிறது.
சதுரக்கோட்டுக் கொப்பி, எண்பது தாள்,
பண்ணைப் பாலத்துத் தூண்டில் போட்டிக்கென்று
கஸ்தூரியார் வீதியில் வாங்கியது.
பின்னேரங்களில் கணக்குப் படிப்பிக்கிறவள் என்பதால்
தராசும் என் தலையில்.

வெள்ளி. எமிலியான், கொடுவா மூன்று,
ஆறு கிலோ நானூறு.
சனி. மறுபடி எமிலியான்,
நான்கு கிலோ எண்ணூறு;
தொட்டிக்குள் செத்த ஒன்றுக்காக
இருநூறு கிராம் வெட்டிய பிறகு.
நிரெக்சனுக்கு இரண்டு நாளும் சேர்த்தே
மூன்று கிலோ நூறு.

ஞாயிறு காலையில் விதியை மாற்றினார்கள் என்று
இப்போது சொல்கிறார்கள்.
மாற்றவில்லை. சித்திரையிலேயே இருந்தது,
துண்டறிக்கையின் பின்பக்கம்,
ஐஸ் கொம்பனி விளம்பரத்துக்குக் கீழே:
இறுதி நாள் அறுவருக்கும்
நிறை பூச்சியத்திலிருந்து.
நான் வாசித்தேன்.
எழுத்துச் சிறிது, விஷயமும் சிறிதாக்கும் என்று
விட்டுவிட்டேன்.

அன்று சோளகம் விடியவே எழும்பி
தண்ணீர் தேத்தண்ணி நிறமாயிற்று.
எமிலியானுக்கு ஒன்றே ஒன்று, தொளாயிரம் கிராம்.
ஊதுகுழலுக்குப் பத்து நிமிடம் இருக்க
நிரெக்சனின் தடி வளைந்து
பாலத்துக் கம்பியில் முட்டியது.
ஐந்து கிலோ முந்நூறு.
தராசுத் தட்டுக்கு வெளியே வால்.

கூட்டினால் ஒருவனுக்குப் பன்னிரண்டு கிலோ நூறு.
கூட்டினால் மற்றவனுக்கு எட்டு கிலோ நானூறு.
கூட்டக்கூடாது.

“அப்ப ரெண்டு நாளும் என்னத்துக்கு
வெயிலுக்க காய்ஞ்சனாங்கள்?”
“மீனுக்குத் தெரியுமோ இண்டைக்குத்தான் ஃபைனல் எண்டு?”
“ஓ.எல் சோதினைக்குத் தவணை மாக்ஸ் கூட்டிறதோ?
ரீச்சர், நீங்களே சொல்லுங்கோ.”
நான் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஐஸ் கொம்பனிக்காரர் ஒளிக்கவில்லை:
“போன வருசம் சனிக்கிழமையே
ஆர் வெண்டதெண்டு தெரிஞ்சு போச்சு.
ஞாயிறு ஒரு சனமில்லை.
என்ர வான் சும்மா பாட்டுப் பாடிக்கொண்டு நிண்டது.”

குருநகர்ப் பக்கம் போன வலைக்காரர் ஒருவர்
சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக் கேட்டார்:
“பிடிச்ச மீனைத் திரும்ப விடுறியள்,
பிறகு இல்லாத மீனுக்கு அடிபடுறியளோ?”

பின்னால் நின்ற யாரோ,
“பூச்சியத்தில இருந்து துவங்கிறது
எங்களுக்கென்ன புதிசே” என்றார்.
பகிடியாகத்தான் சொன்னார்.
கொஞ்ச நேரம் காற்று மட்டும்.

நிரெக்சன் கிண்ணத்தை உயர்த்தவில்லை,
கீழே வைக்கவும் இல்லை.
“வேண்டாமெண்டு சொல்லோணும்தான்,” என்றான்,
“மனம் வருகுதில்லை.”
மூன்று நாளிலும் நான் கேட்டவற்றில்
நேரான பேச்சு அதுதான்.

இரவு எட்டு மணிபோல் எமிலியான் வந்தான்.
மேசையில் வெள்ளை மை போத்தல்
மூடி திறந்தபடி.
பலகையில் ஒட்ட முதல்
பழைய இரண்டு நாளையும் பூசி மறைக்கச் சொல்லியிருந்தார்கள்.
இருக்கவில்லை அவன். கதவு நிலையில் நின்று,
“பூசாதேங்கோ ரீச்சர்.
கோடு போட்டு வெட்டுங்கோ.
கீழ தெரியட்டும்.”

கையில் இன்னும் மீன் மணம்.
நாளைக்கு வேலையோ என்று கேட்டேன்.
ஓம், ஆறு மணிக்கு, பஸ் டிப்போவில்.

அவன் போனபின்
அடிமட்டம் வைத்து வெட்டினேன்,
ஆறு கிலோ நானூறை,
நான்கு கிலோ எண்ணூறை.
வெட்டிவிட்டு,
கைப்பழக்கம்,
கீழே கூட்டுத்தொகையையும் எழுதிவிட்டேன்.