பொத்தான் இருக்கும் இடம்

திருமலை வீதியில் நிஸ்பாரின் கடை.
கண்ணாடிப் பெட்டிக்கு மேல் மூன்று கமராக்கள்.
மூன்றிலும் லென்ஸைக் கழற்றி வைத்திருந்தான்.
மூடியில்லாத வாய்கள்.
உள்ளுக்குத் தொடவேணாம் அக்கா, என்றான்,
அதுதான் கண்.

இது இருபத்துநாலு மெகாபிக்சல், அது இருபத்தாறு,
இது முகத்தைத் தானாகப் பிடிக்கும்,
இதில மாட்டுற லென்ஸ் அதில மாட்டாது,
வாய் அளவு வேற.
ஒருக்கா ஒரு கம்பனிக்குள்ள போனா
மறுகா அந்தக் குடும்பம்தான் என்று
கலியாணம் பேச வந்தவன் போலச் சொன்னான்.

நான் கேட்டது வேறு.
எதில் பொத்தான் எங்கே இருக்கிறது?

அவன் என் வலது கையைப் பார்த்தான்.
பிறகு கமராக்களைப் பார்த்தான்,
அவை ஏதோ பிழை செய்துவிட்டது போல.

வாழைச்சேனை ஐஸ் ஆலையில்
கட்டி உடைக்கிற மெஷின்
என் சுட்டுவிரலில் இரண்டு கணுவை எடுத்து
இரண்டு வருடமும் நாலு மாதமும்.
நட்டஈடு போன வியாழன்தான் வந்தது.
சீட்டுக் காசையும் சேர்த்தால்
ஒரு உடம்பு, ஒரு லென்ஸ்,
வீட்டுக்குப் போக பஸ் காசு.

முதலாவது பெரியது. நல்ல பிடி.
ஆனால் பொத்தான் முன்னுக்குச் சரிந்து
சுட்டுவிரல் உள்ளவர்களுக்காகக் காத்திருந்தது.
நடுவிரலை நீட்டினேன்.
கமரா குப்புற விழப் பார்த்தது.
நிஸ்பார் பாய்ந்து இரண்டு கையாலும் ஏந்தினான்.

மற்றதில் பொத்தானே தேவையில்லை,
திரையைத் தொட்டால் போதும், என்றான்.
ஐஸ் தண்ணீரில் ஊறிய விரலைத் திரை மதிக்காது, தம்பி.
எங்கள் ஆலையில் போன் அடித்தால்
மூக்கால்தான் எடுக்கிறோம்.

கடைசியில் இருந்தது சோப்புக் கட்டியைவிடக் கொஞ்சம் பெரிது.
யாரோ பாவித்தது. விளிம்பில் கறுப்புத் தேய்ந்து
பித்தளை தெரிந்தது.
பொத்தான் தட்டைத் தலையில்,
குறிப்பாக யாரையும் எதிர்பாராமல்.
நடுவிரல் போய் உட்கார்ந்தது.
கட்டைவிரல் பின்னால் தாங்கிக்கொண்டது.
மிச்சமிருந்த கணு
வேலையில்லாமல் ஓரத்தில் சாய்ந்துகொண்டது.

பிறகு லென்ஸுக்குச் சண்டை.
சூம் எடுங்க அக்கா, வாவிக்கரையில கொக்கு எடுக்கலாம்.
எனக்குக் கொக்கு வேண்டாம்.
விடிய நாலரைக்கு, ஒற்றைக் குண்டு பல்பின் கீழ்,
பாரைக்கும் சூரைக்கும் நடுவில் நின்று
விலை கூவுகிற கிருபைராணியின் வாய் வேண்டும்.
அந்த வெளிச்சத்துக்கு
எஃப் ஒன்று தசம் எட்டு வேண்டும்.
அது நீளாது, சுருங்காது என்றான்.
கிட்டப் போக வேண்டுமென்றால்
நீங்கதான் நடக்கோணும் என்றான்.
கால் இரண்டும் முழுசாக இருக்கின்றன என்றேன்.
அவன் சிரிக்கலாமா என்று
ஒரு கணம் யோசித்துவிட்டுச் சிரித்தான்.

சோதனைக்கு ஒன்று எடுத்தேன்.
திரையில் நிஸ்பார்:
சுட்டுவிரலை உள்ளே மடக்கி
காற்றில் இல்லாத பொத்தான் ஒன்றை
நடுவிரலால் அமத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.
நான் எடுத்தது அவனுக்குத் தெரியாது.
காட்டவுமில்லை.

விலையில் மட்டும்
அரை விரல்கூட இறங்கவில்லை.
துடைக்கிற துணி ஒன்று சும்மா தந்தான்.

சித்தாண்டி வரை மடியிலேயே வைத்திருந்தேன்.
அங்கேதான் அடுத்த படம்:
நடத்துநரின் கை,
விரலுக்கு விரல் இடுக்கில்
நீளவாக்கில் மடித்த தாள்கள்.
பஸ் குலுங்கியதில் எல்லாம் கலங்கல்.
எத்தனை விரல் என்று
எண்ண முடியவில்லை.