சாம்பல் கோட்டு

அலுமாரியில் ஒரு கொழுவி
நாலு வருசம் வெறுமையாகவே தொங்கியது.
"அதில ஒண்டும் போடாதே" என்பார் இவர்.
போமன் ஆனால் தருகிற
சாம்பல் கோட்டுக்குப் பிடித்துவைத்த இடம்.
என் சேலைகள் மூன்றும்
ஒன்றின் தோளில் ஒன்று ஏறிக் கிடந்தன.

லூடன்ஷைட்டில்
மேல்வீட்டுக்காரன் எந்நேரமும் குளிப்பதுபோல் மழை.
ப்ரோக்கெல்மன் பக்டரியில் இவர்
பித்தளைத் தகடு அழுத்தி
விளக்குக் கிண்ணம் செய்தார்,
நாளொன்றுக்கு நாலாயிரத்து இருநூறு.
எங்கள் குசினியில் ஒற்றைக் குழல்விளக்கு,
அதுவும் கண்சிமிட்டும்.

டொச் படித்தது எச்சரிக்கைப் பலகைகளில்.
அதனால் "கை வைக்காதே" தெளிவாக வரும்.
"எனக்குத் தாருங்கள்" தடக்கும்.

சனிக்கிழமைகளில் ஹாகனுக்கு ரயிலேறி
மைஸ்ரர் வகுப்பு.
கட்டணத்துக்குச் சீட்டைக் கழித்து எடுத்தோம்.
எண்ணூறு போனது.
"போகட்டும், ஏணிக்கு வாடகை" என்று சிரித்தார்.
சம்பளத்துண்டுகளைத் துளையிட்டுக் கோப்பில் அடுக்குவார்.
மணிக்குப் பதினெட்டு சதம் கூடினால்
துளசிகாவைக் கூப்பிட்டுக் காட்டுவார்.
அவள் அப்போது பின்னம் படித்துக்கொண்டிருந்தாள்.
"இந்தக் கணக்கில வீடு வாங்க
இன்னும் நூற்றுப்பத்து வருசம், அப்பா."
"நீ பெருக்கலைப் பார், பிள்ளை.
நான் படியைப் பாக்கிறன்."

கோட்டு வந்தது.
முதல்நாள் அதைப் போட்டுக்கொண்டு
குப்பை கொட்டக் கீழே இறங்கினார்,
இரண்டு தரம்.
குப்பை ஒரு பைதான் இருந்தது.

பதினொரு மாதம்.

பிறகு ஒரு கடிதம்.
அதில் ஒரு சொல் ரயில்பெட்டி போல நீளம்.
நான் பாதியில் மூச்சு வாங்கினேன்.
இவர் ஒரே மூச்சில் வாசித்துவிட்டுச் சொன்னார்,
வங்குரோத்து.

இவருடைய அழுத்தும் இயந்திரம்
ஏலத்தில் கோயம்புத்தூர்க்காரருக்குப் போனது.
யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வர
எங்களுக்கு ஒன்பது மாதம்.
அதற்கு ஆறு கிழமை.
இரும்புக்கு விசா சுகம்.

வீட்டுக்கென்று சேர்த்தது
வாடகையாய்க் கரைந்தது.
ஐம்பத்துமூன்று வயது.
வேலை அலுவலகத்துப் பெண்
மைஸ்ரர் சான்றிதழைப் பார்த்து
"அழகான தாள்" என்றாள்.
மனதாரத்தான் சொன்னாள்.
வரும் வழியில் இவர் பஸ்ஸில் ஏறவில்லை,
மலையைச் சுற்றி நடந்து வந்தார்,
தாள் நனையாமல், தான் நனைந்து.

போன வருசம் அதே கட்டடத்தில்
சுவரேறும் மண்டபம் திறந்தார்கள்.
பதினாலு யூரோ கொடுத்து
ஆட்கள் மேலே ஏறுகிறார்கள்.
உச்சியில் ஒரு மணி.
அடித்துவிட்டுக் கயிற்றில் தொங்கி
சிரித்தபடி இறங்குகிறார்கள்.

இரவு பத்துக்குப் பிறகு இவர்
அந்தச் சுவரின் பிடிகளைத் துடைக்கிறார்.
சிவப்பு, மஞ்சள், பச்சை.
பச்சைதான் லேசாம்,
பிள்ளைகளும் ஏறுவார்களாம்.
எந்தத் தூண் பக்கம் தன் இயந்திரம் நின்றதென்று
தரையிலுள்ள நாலு ஆணித்துளை சொல்லுமாம்.

"ஒருக்கா ஏறிப் பாக்கலாமே" என்றேன்.
"சப்பாத்து வாடகை நாலு யூரோ" என்றார்,
தேத்தண்ணியை ஊதியபடி.

விடிய மூன்று மணிக்கு நான்
வீடுவீடாய்ப் பத்திரிகை போடப் போகிறேன்.
மழையங்கிக்குள் அந்தச் சாம்பல் கோட்டு.
நல்ல தடித்த துணி.
ஆழமான பைகள், திறப்புக்கு ஒன்று, கைலேஞ்சிக்கு ஒன்று.
தோள் மட்டும் எனக்குப் பெரிது.

கொழுவியில் இப்போது என் சேலை.
அலுமாரியைத் திறக்கும்போதெல்லாம் இவர்
அதைக் கொஞ்சம் ஓரமாய்த் தள்ளிவைக்கிறார்.