இடது இருக்கை

பெரிய வண்டியை விற்ற பணம்
ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில்
இரண்டு கட்டுகளாக இருந்தது.
எண்ணிப் பார் என்றான் நுக்ஸார்.
எண்ணவில்லை.
பதினாறு வருஷத்தில் அவன்
பணத்தில் மட்டும் பொய் சொன்னதில்லை.

என் பங்குக்கு ஒரு சின்னக் கார் வரும்.
"நானும் வருகிறேன்.
ருஸ்தாவிச் சந்தையில் உன்னைத் தனியாகப் பார்த்தால்
தோலை உரித்துக் காயப்போடுவார்கள்."
கையெழுத்துப் போட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது.
வரட்டும் என்று விட்டேன்.
இன்ஜினைக் காதால் பார்க்கத் தெரிந்தவன்.

கண்ணுக்கெட்டியவரை கார்கள்,
ஐஸில் அடுக்கிய மீன்களாய் வாய் திறந்து.
பம்பர் இல்லாதவை,
ஒரு கதவு மட்டும் வேறு நிறத்தில் இருப்பவை,
கண்ணாடியில் சோப்பால் விலை எழுதியவை.

நான் பல் செய்கிறவள்.
மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு உயர்ந்துவிட்டாலும்
தூக்கம் போச்சு என்று திரும்பி வருகிறவர்கள் என் ஆட்கள்.
ஒவ்வொரு கதவையும் மூடிப் பார்த்தேன், திறந்தேன், மூடிப் பார்த்தேன்.
அவன் காதைச் சாய்த்துக்கொண்டே நடந்தான்.
இது குடிகாரன்.
இது வெள்ளத்தில் கிடந்தது.
இதற்கு நாள்பட்ட இருமல்.
எனக்கு இருமல் வந்த ஒரு குளிர்காலம் நினைவுக்கு வந்தது.
சொல்லவில்லை.

கடைசி வரிசையில் அது.
பட்டாணிப் பச்சை. சாம்பல் கிண்ணத்தைக்கூடத் துடைத்திருந்தார்கள்.
நான்கு பேர் உட்காரலாம்,
நால்வருக்குள்ளும் சண்டை இல்லையென்றால்.
சாவியைத் திருப்பியதும்
உள்ளிருந்து ஒரு பெண் ஜப்பானிய மொழியில் ஏதோ சொன்னாள்,
வாசலில் நிற்கும் விருந்தாளியிடம் பேசுவதுபோல.
"என்ன சொல்கிறாள்?"
"ஆறு வருஷமாக விற்கிறேன்,
எல்லா வண்டியிலும் இதையேதான் சொல்கிறாள்,
யாருக்கும் தெரியாது" என்றான் தரகன் ஜெமால்.

பாதி விலை. காரணம், ஸ்டியரிங் வலப்பக்கம்.
இந்த நாட்டில் வண்டிகள் சாலையின் வலதோரமே போகும்.
ஓட்டுகிறவளும் வலதில் உட்கார்ந்தால்
தெரிவது பள்ளம், பன்றி, வேலி.
எதிரில் வருவது தெரியாது.
ஒரு லாரியைத் தாண்ட
இடது இருக்கையில் ஓர் ஆள் வேண்டும்,
எட்டிப் பார்த்துப் "போ" என்று சொல்ல.

"இது வேண்டாம்" என்றான் நுக்ஸார்.
"வாரம் மூன்று நாள் தெலாவிக்குப் போகிறவள்.
கொம்போரிக் கணவாயில் உனக்கு யார் சொல்வது?"

கேட்ட பிறகுதான்
தான் கேட்டது அவன் காதில் விழுந்தது.
பானெட்டை மெல்ல இறக்கி,
இரண்டு கையாலும் அழுத்தி மூடினான்.

இன்ஜின் எப்படி என்றேன்.
சுத்தம் என்றான், தரையைப் பார்த்து.

முந்நூறு குறைத்தார்கள்.
திரும்பும் வழியில் அவன் இடதில்.
சிமெண்டு லாரி. "இரு. இரு. போ."
ஒரு மினிபஸ். "போ."
வைக்கோல் வண்டி. "இரு."
பதினாறு வருஷத்தில் நாங்கள்
இவ்வளவு ஒத்துப்போனதில்லை.

மெட்ரோ வாசலில் இறங்கினான்.
தன் காலுக்காகப் பின்னால் தள்ளிய இருக்கையை
பழையபடி முன்னால் இழுத்துவிட்டுச் சாத்தினான்.
நல்ல கதவு. ஒரே சத்தம்.

இன்று திங்கள். கணவாய் ஏற்றம்.
முன்னால் ஒரு திராட்சை லாரி,
சாறு சொட்டி, சாலை நெடுக ஒரு கறுத்த கோடு,
அதன்மேல் குளவிகள்.
இடது இருக்கையில் என் பெட்டி.
பெல்ட் போடாவிட்டால் வண்டி கத்துகிறது,
போட்டிருக்கிறேன்.
பஞ்சில் படுத்திருக்கின்றன இருபத்தெட்டுப் பற்கள்.
"போ" என்று சொல்ல
அவற்றுக்கு இன்னும் வாய் வரவில்லை.

பின்னால் ஒருவன் ஹாரன் அடிக்கிறான்.
தாண்டிப் போகட்டும்.
நான் இருபத்தைந்தில் உருட்டுகிறேன்.
ஜன்னலை இறக்கினால்
ஒயினாகப் போவது தெரியாமல் மணக்கிறது லாரி.
வளைவில் அந்த ஜப்பான்காரி ஏதோ சொல்கிறாள்.

சரி என்கிறேன்.