நிலாவுக்கு வைத்த கற்கள்

தூர்டிஸின் இடுப்பில் எலும்பை எடுத்துவிட்டு
டைட்டானியம் வைத்தார்கள்.
ஆறு வாரம், மலைக்கு அந்தப் பக்கம்,
நடைபழகும் விடுதியில்.
போகுமுன் குளிர்பெட்டிக் கதவில்
ஒரு தாளைக் காந்தத்தால் ஒட்டினாள்:
கற்களைப் பார்த்துக்கொள்.

பதினோரு கற்கள்.
சமையலறை ஜன்னல் விளிம்பில்
பல் விழுந்த வாய் போல
இடைவெளி விட்டு உட்கார்ந்திருப்பவை.
முப்பத்தொரு வருடமாக அவற்றின் மேல்
நான் சாவிக்கொத்தை எறிந்ததோடு சரி.

தாள் சொல்கிறது:
செவ்வந்திக்கல்லை வெயிலில் வைக்காதே, நிறம் வெளிறும்.
(பெர்கனில். நவம்பரில். வெயில்.
அவளுக்கும் கேலி வரும் என்று
அன்றுதான் தெரிந்தது.)
ரோஸ் குவார்ட்ஸுக்குக் குழாய்த் தண்ணீர், அரை நிமிடம்.
துடைக்க மெல்லிய துணி, உன் பட்டறைத் துணி அல்ல.
மலக்கைட்டுக்கு உப்பு ஆகாது.
செலினைட்டின் மேல் ஒரு சொட்டும் படக்கூடாது,
அதன் மினுக்கம் கரைந்துபோகும்.
பைரைட்டை ஈரத்தில் விட்டால் துருப்பிடிக்கும்.

இந்த ஒரு வரியை மட்டும் உடனே நம்பினேன்.
இரும்பும் கந்தகமும்; வேறென்ன செய்யும் அது?
கார் ஏற்றும் படகின் எஞ்சின் அறையில்
பாதி ஆயுளைத் துருவோடு கழித்தவன் நான்.

கடைசியில், அடிக்கோடிட்டு:
பௌர்ணமி இரவில் எல்லாவற்றையும் நிலவில் வை.
நாம் இறக்கிவைத்ததையெல்லாம்
அவை அங்கேதான் கழுவிக்கொள்ளும்.

பௌர்ணமி வந்தது. நிலா வரவில்லை.
மழை ஏழு மலைகளையும் தின்றுவிட்டு
எங்கள் ஜன்னலில் வாய் துடைத்துக்கொண்டிருந்தது.
தொலைபேசியில் கேட்டாள்: வைத்தாயா?
படகில் என்னைக் கல்லுளிமங்கன் என்பார்கள்.
"இன்று நடந்தாயா?" என்றேன்.
"பதினாறு அடி."

பதினாறு.
மீன் சந்தைக்குப் போனால்
இரண்டு தெரு முன்னால் போய் நின்று
என்னைத் திட்டுகிறவள்.

அன்றிரவு வேலைக்குக் கிளம்பும்போது
கல்லுக்கொரு கம்பளிக் காலுறை,
பதினொன்றையும் சாப்பாட்டுப் பெட்டியில் அடுக்கினேன்.
ரொட்டிக்கு இடமில்லை.
வெளித்தீவுகளைத் தாண்டினால்
மேகம் சில சமயம் கிழியும்.

கிழிந்தது, இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால்.
எஞ்சினை உதவியாளிடம் விட்டு மேலே ஓடி
உயிர்காப்புப் படகின் மூடிமேல் பரப்பினேன்.
யூஸ்டைன் வந்து நின்றான்,
கயிறு கட்டுகிற பையன், இருபது வயது இருக்கும்.
"என்ன இது?"
"என் மனைவியுடையது."
கொஞ்ச நேரம் பார்த்தான்.
"இதில் எது நனையக்கூடாது?"
வெள்ளையைக் காட்டினேன். பைரைட்டையும்.
தொப்பியைக் கழற்றி இரண்டுக்கும் அடியில் விரித்து,
காற்றுக்கு முதுகைக் கொடுத்து நின்றான்.

பதினோரு நிமிடம் இருந்தது நிலா.
கல்லுக்கு ஒரு நிமிடம் என்று
யாரோ கணக்குப் போட்டுக் கொடுத்தது மாதிரி.
கற்களுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாது.
எனக்கு முழங்கால் நடுங்கியது. குளிராக இருக்கலாம்.

அப்புறம் படகு திரும்பியது, ஓர் அலை,
புலிக்கண் கல் உருண்டது.
கடலில் விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

ஊன்றுகோல் இரண்டோடு வந்து சேர்ந்தவள்
கோட்டைக் கழற்றாமலே ஜன்னலுக்குப் போனாள்.
விரலால் எண்ணிக்கொண்டே போய்
துறைமுகக் கரையில் நான் பொறுக்கிய
சாம்பல் நிறக் கூழாங்கல்லின் மேல் நின்றாள்.
"அது வந்து," என்று ஆரம்பித்தேன்.
கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.
அதை எடுத்தாள், முகர்ந்தாள்,
டீசல் வாசனை அடித்திருக்க வேண்டும்,
அதே இடத்தில் வைத்தாள்.

காலையில் தாளில் ஒரு வரி கூடியிருந்தது:
சாம்பல் கல். எவ்வளவு வேண்டுமானாலும் நனையலாம்.

நான் கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்தேன்,
சாவிக்கொத்துக்கு.