பதினேழாம் அட்டை

ஆள் இல்லாத வீட்டில் மீட்டர் ஓடாது.
ஓடவில்லை என்று எழுதவும் ஓர் ஆள் வேண்டும்,
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
பள்ளத்தூர் மூன்றாம் தெருவில்
பத்துக்கு ஆறு வீடு சைபர் யூனிட்.
அந்தச் சைபரைப் போட
ஒரு தெருவில் முகப்பும்
மறு தெருவில் முதுகுமாய்க் கிடக்கும் வீட்டைச்
சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

மாசியில் ஒருநாள் அப்படிப் போனபோது
செம்பூராங்கல் சுவர் சரிந்த மூலையில்
மிதுக்கங்கொடி ஒன்று.
தண்ணீர் ஊற்ற நாதியில்லை.
இலையில் ஒரு சாம்பல் பொட்டும் இல்லை.
என் வீட்டுக் கிர்ணியோ
விபூதி பூசிய பண்டாரமாய்
வருஷந்தோறும் பிஞ்சோடு படுத்துவிடுகிறது.

விடிந்தால் விரியப்போகும் ஆண்மொட்டு இரண்டைக் கிள்ளி
ஈரப்பஞ்சில் சுற்றி
டிபன் டப்பாவில் வைத்துக்கொண்டேன்.
திருட்டுத்தான்.
உரிமையாளர் பெயர் அட்டையில் இருக்கிறது.
ஆள் ஈப்போவில்.

அன்று சாயங்காலமே
கிர்ணியின் மொட்டைப் பிரித்து
அதன் சொந்த மகரந்தத்தைக் களைந்தேன்.
புருவம் திருத்துகிற இடுக்கி போதும்,
மூச்சு மட்டும் மேலே படக் கூடாது.
களைந்த பூவுக்குத் தொப்பி,
மகளுக்குக் காய்ச்சலில்
தேனில் குழைத்துக் கொடுத்த கேப்சூலின் வெற்றுக்கூடு.
காலை ஆறு மணி, தேனீக்கு முன்னால் நான்.
தொப்பியைக் கழற்றி
மூன்று முறை தொட்டு
திரும்ப மூடி
பழைய மின் அட்டையில் ஒரு துண்டு வெட்டிக்
காம்பில் கட்டினேன்.
முந்தைய கணக்கு: கிர்ணி.
இப்போதைய கணக்கு: மிதுக்கு.

"பூவுக்கெல்லாம் சர்வீஸ் குடுக்குறீகளா அக்கா?"
வயர்மேன் ஜெபமாலை.

மறு வருஷம்
பன்னிரண்டு கொடியும் ஆரோக்கியம்,
பன்னிரண்டும் கசப்பு.
பூமிநாதன் ஒரு கீற்று வாயில் போட்டார்,
ஒன்றும் சொல்லவில்லை,
இரண்டு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு
"வத்தல் போடலாம்" என்றார்.
போட்டேன்.
ஒரு வருஷ ஆராய்ச்சி மோரில் ஊறி
மொட்டைமாடியில் காய்ந்தது.
ரசஞ்சோற்றுக்கு நன்றாகத்தான் இருந்தது,
அதையும் சொல்ல வேண்டும்.

ஒரு பழத்தை மட்டும் வத்தலுக்குத் தரவில்லை.
அதன் விதை முப்பத்தொன்று,
சிமெண்டுச் சாக்கில் முப்பத்தொரு செடி,
முப்பத்தொரு அட்டை.
பூட்டிய வீட்டுக்குப் பதினெட்டுப் பங்காளி என்பார்கள்,
ஒருவன் மூக்கு ஒருவனுக்கு இராது.
இங்கேயும் அதே கதை.
ஒன்று கோழிமுட்டை,
ஒன்று அணில்போல வரி போட்டது,
ஒன்று தேங்காய்ப் பருமன்,
ஒன்று காயாமல் கொடியாகவே ஓடிச்
சலவைக்கல்லைத் தாண்டிப் போனது.

பனியோடு சாம்பல் வந்தது. இருபத்துமூன்று போயிற்று.
நான் மருந்து அடிக்கவில்லை.
தாங்காதது போகட்டும் என்று
கையைக் கட்டிக்கொண்டு நின்றது
அந்த வருஷத்திலேயே கஷ்டமான வேலை.

மிஞ்சிய எட்டில் ஏழை நக்கிப் பார்த்தேன்.
கசப்பு. கசப்பு. வெறும் தண்ணீர். கசப்பு.
வெள்ளரிக்காய் மாதிரி. கசப்பு.
ஏழாவதை நினைக்கவே வேண்டாம்.
பதினேழாம் அட்டை இன்னும் பழுக்கவில்லை.

சித்திரை முதல் வாரம், விடியுமுன்
பின்கட்டில் மயில்.
எட்டுக் கொடியையும் மிதித்து நடந்து
ஒன்றில்தான் வாய் வைத்திருந்தது.
விளக்குமாற்றை எறிந்துவிட்டு ஓடினேன்.
கிட்டப் போகும்போதே வாசம்.

மயில் தின்ற மிச்சத்தை
விரலால் வழித்து நாக்கில் வைத்தேன்.
சர்க்கரை என்று சொல்ல மாட்டேன்,
பொய்க் கணக்கு எழுதிப் பழக்கமில்லை.
கசக்கவில்லை.
கசக்கவில்லை என்று சத்தமாகச் சொன்னேன் போல,
பூமிநாதன் எழுந்து வந்துவிட்டார்.

விதை அறுபத்துநான்கு.
சாம்பலில் புரட்டிக்
கேப்சூல் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.
மயில் எத்தனை விழுங்கியது,
எந்தச் சுவர் தாண்டிப் போய் எச்சமிட்டது,
அந்தக் கணக்கு என்னிடம் இல்லை.

இந்த மாதமும் மூன்றாம் தெரு.
சைபர், சைபர், சைபர்.
எழுதி முடித்துவிட்டு
ஒவ்வொரு பின்வாசலிலும் கொஞ்சம் குனிந்து
தரையைப் பார்க்கிறேன்.
இன்னும் ஒன்றும் இல்லை.
ஐப்பசி வரட்டும்.