ஏழாம் கிண்ணம்

"ஆருக்கு வருத்தம்?"
பார்மசி யோகலிங்கம் கேட்டார்.
பூச்சிக்கு என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
பல்வலிக்கு இரண்டு குளிசை வாங்கிப்போய்
வலி நின்றதும் ஒன்றைப் பேர்சுக்குள் மறந்துவிடும் சனத்துக்குக்
காலமெல்லாம் மருந்து வித்தவர்.
பத்துக் கப்சூலை உறையிலிட்டுப்
பழக்கத்தில் எழுதினார்:
சாப்பாட்டுக்குப் பின்.

கொழும்பில் ஓர்டர் பண்ணிய ரெற்றாசைக்கிளின்
இன்னும் வந்து சேரவில்லை.
முட்டை போடும் காலம் அதற்காக நிற்காது.

உரும்பிராய்ப் பயற்றங்காணியில் பிடித்த
பச்சை நாவாய்ப்பூச்சிகள், பன்னிரண்டு தாய்கள்.
மூன்று நாள் என் கையில் அவற்றின் மணம்;
பஸ்ஸில் பக்கத்திலிருந்தவர் எழும்பிப்போனார்.
ஆறுக்கு வெறும் தண்ணீர்.
ஆறுக்குக் கப்சூல் பிரித்துக் கரைத்த தண்ணீர்.
பஞ்சில் ஊறவைத்துக் கொடுத்தேன்.
இரண்டையும் ஒரேமாதிரித்தான் குடித்தன.

முட்டையை வரிசையாய் ஒட்டும்போது
இந்தப் பூச்சி ஒரு வேலை செய்யும்.
தன் குடலில் வைத்திருந்த பற்றீரியாவை
மெல்லிய பசையாய்
ஒவ்வொரு முட்டையிலும் பூசும்.
பொரித்த குஞ்சு பயறை மணந்தும் பாராது;
கோதின்மேல் குந்தியிருந்து
முதலில் அந்தப் பசையை உறிஞ்சும்.
தாய்வழிச் சீதனம்,
உறுதி எழுதாத காணி.

மருந்து குடித்த தாய்களும் பூசின.
ஒரு முட்டையையும் தவறவிடாமல்,
அதே பின்னங்காலால் தடவித் தடவி.
பூசியதில் ஒன்றும் இருக்கவில்லை.

கொப்பியில் என் எழுத்து:
ஒன்பதாம் நாள். ஒன்று முதல் ஆறு வரை, இரண்டாம் தோலுரிப்பு.
ஏழு முதல் பன்னிரண்டு வரை, இல்லை.
பதினாறாம் நாள். இல்லை.
இருபதாம் நாள். பத்தில் மூன்று உயிருடன்.
நிறம்: ?
நிறத்துக்குச் சொல் கிடைக்கவில்லை.
கழுவிக் கழுவி வெளிறிய சீத்தைத் துணி என்று எழுதிப்
பிறகு வெட்டினேன்.

பன்னிரண்டாம் கிண்ணத்தில் ஒன்று
எல்லாத் தோலையும் எப்படியோ கழற்றிவிட்டது.
செட்டை விரியவில்லை,
பிழையாய் மடித்த கடிதம்போல.
'வளர்ந்தது' என்ற கட்டத்தில் போடுவதா
'இறந்தது' என்பதிலா?
அது நடந்துகொண்டிருந்தது.

இனிச் சொல்லப்போவது அறிக்கையில் இல்லை.

அடுத்த தொகுதி பொரித்த இரவு
கூடத்தில் நான் தனிய.
நாலாம் கிண்ணத்துக் கோதுகளில்
பசை இன்னும் மினுங்கியது.
இடுக்கியால் ஒரு துண்டு எடுத்தேன்.
ஏழாம் கிண்ணத்தில் வைத்தேன்.
ஏன் ஏழு என்று கேட்டால்,
கைக்குக் கிட்ட இருந்தது.
ஏன் என்று மட்டும் கேட்டால்
எனக்குத் தெரியாது.

விடிய முதல் எல்லாம் அதில் ஏறிக் குந்தியிருந்தன.

ஏழு பச்சையானது.
வரைபில் ஒரு புள்ளி மட்டும்
கூட்டத்தை விட்டு மேலே நின்றது.
கலாநிதி திலகேஸ்வரி கண்ணாடியை நெற்றியில் ஏற்றி
அதை நெடுநேரம் பார்த்தார்,
பிறகு என்னைப் பார்த்தார்.
"தொற்று. விலக்கிவிடும்" என்றார்.
தொற்று.
அந்தச் சொல்லுக்கு நான் தலையாட்டினேன்.

பரிசோதனை முடிந்தால்
ஒன்றையும் வெளியே விடக்கூடாது.
மதிலுக்கு அந்தப்பக்கம் பயறு பூத்திருக்கிறது,
அதை விதைத்தவருக்கு வங்கியில் கடன்.
பன்னிரண்டு கிண்ணமும் குளிர்ப்பெட்டிக்கு.
ஏழைக் கடைசியாக வைத்தேன்.
மூடியில் கால்கள் தட்டும் சத்தம்,
கொட்டிய உளுந்தளவு.

நாலு பத்துக்குக் கதவைச் சாத்தினேன்.
நாலேகாலுக்குக் கரண்ட் போனது.

ஜெனரேற்றர்க்காரப் பொடியனின் நம்பர்
சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறது.
கதிரையை இழுத்துப்போட்டு
அதற்கு நேரே இருந்தேன்.