தாமாகவே

கோத்தகிரி சமுதாயக் கூடத்தில்
மைக் இரண்டு முறை கீச்சிட்டு அடங்கியது.
கதவைச் சாத்தியும் மூடுபனி உள்ளே வந்து
பின்வரிசை நாற்காலிகளில் உட்கார்ந்துவிட்டது.
பெயர்? அப்போது வகித்த பதவி?
சவரிராஜன். இளநிலை உதவியாளர்.
மூன்றாவது மேசை, ஓடு ஒழுகும் மூலை.

பேரேட்டைத் திறந்து காட்டினார்கள்.
என் கையெழுத்துதான். 'ளி'யின் மேல்விலங்கை
அப்படிச் சுழிக்கிறவன் அந்த அலுவலகத்தில் நான் ஒருவனே.
"தவிட்டுச்சோலை, நான்காம் லயம்.
தாயகம் திரும்பியோர், பத்தொன்பது குடும்பங்கள்.
தாமாகவே வெளியேறினர்."

தாமாகவே.
அந்த ஒரு சொல்லுக்கு
நான்கு லாரிகள் தேவைப்பட்டன, அம்மா.
விளக்கை அணைத்துக்கொண்டு ஏற்றம் ஏறி வந்தன.
மழை. கொழுந்துக் கூடையில் வைத்துக்
குழந்தைகளை இறக்கினார்கள்.
போலீஸ்காரர் எந்தக் கதவையும் தட்டவில்லை,
தகரத்தின் மேல் லத்தியை உரசிக்கொண்டே நடந்தார்,
வரிசை முழுக்க ஒரே சத்தம்.
நான் மழைக்கோட்டுக்குள் டார்ச் பிடித்துப்
பெயர்களுக்கு நேரே டிக் அடித்தேன்.
அடுப்பில் பருப்பு வேகிறது என்றாள் ஒருத்தி.
இறக்கி வைத்துவிட்டு வா என்றேன்.
அன்று நான் செய்த நல்லது அதுதான்.
எழுதிக்கொள்ளுங்கள். இல்லை, வேண்டாம்.

யார் சொல்லி எழுதினீர்கள்?
தாசில்தார் சொன்னார் என்று சொல்லலாம்,
அவர் இறந்துவிட்டார், வசதி.
அவர் சொன்னது 'வெளியேறினர்' மட்டும்.
வாக்கியம் மொட்டையாக நிற்பதாகப் பட்டு
அந்தச் சொல்லைச் சேர்த்தவன் நான்.

பூமயில் எழுந்தாள். அன்று ஒன்பது வயது.
இப்போது மேட்டுப்பாளையத்தில்
உருளைக்கிழங்கு மண்டியில் கணக்கு எழுதுகிறாள்.
"தலவாக்கலையில எங்கள நாடு இல்லாதவங்கன்னு எழுதினாங்க.
இங்க நாங்களா போனோம்னு எழுதினீங்க.
ரெண்டு தடவையும் நாங்க பேசல, பேனாதான் பேசுச்சு.
மன்னிப்பெல்லாம் பொறவு பாத்துக்கலாம்.
அந்தச் சொல்ல அடிங்க.
சுரண்டாதீங்க. வெள்ளை மை பூசாதீங்க.
அடிச்சது தெரியணும்.
அடியில இருந்ததும் தெரியணும்."

நீதியரசி தயங்கினார். ஆவணம் அல்லவா.
எனக்கு அலுவலக விதி நினைவிருந்தது:
எதை அடித்தாலும் ஓரத்தில் சுருக்கொப்பம், தேதி.
நாற்பது வருஷம் கழித்துத் தேதி போட்டேன்.
அந்தத் தாளில் மை கொஞ்சம் ஊறியது.

சாயங்காலம் பரிந்துரைகளின் வரைவை வாசித்தார்கள்.
மாலை ஆறுக்கு மேல் எவரையும் அகற்றக் கூடாது.
போகிறவர் தன் காரணத்தைத் தன் கையால் எழுத வேண்டும்,
எழுதத் தெரியாவிட்டால்
அவர் நம்பும் ஆள், அவர் சொல்லச் சொல்ல.
பிரதி ஒன்று அவரிடமே இருக்கும்.
"பிரதியில முத்திரை?" என்றாள் பூமயில்.
சேர்த்தார்கள்.
ஐந்தாவதற்குக் காவல்துறையிலிருந்து ஆட்சேபம்,
அது நாளைக்கு.

பிறகு, நன்றியுரை போல ஒரு வரி:
"முன்னாள் எழுத்தர் தாமாகவே முன்வந்து
சாட்சியம் அளித்தார்."
யாரோ கைதட்டத் தொடங்கினார்.
எழுந்தேன், முழங்கால் சொடுக்கியது.
அம்மா, அதை அடித்துவிடுங்கள்.
எனக்கு அழைப்பாணை இரண்டு முறை வந்தது.
முதலாவதை வாங்காமல் திருப்பினேன்,
வீட்டில் ஆள் இல்லை என்று
தபால்காரரிடம்
நானே சொல்லி.